யாரை வைத்துச் செய்த ஆய்வு?

ரத்த அழுத்தம் பார்ப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் யாரோடும் பேசாமல் உட்கார வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் டீ, பீடி ஆகாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. பட்டையைச் சட்டைக் கைக்கு மேல் சுற்றக் கூடாது. ஒரு தடவையோடு விடாமல் இரண்டு மூன்று தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும். 2015ல் வெளிவந்து உலகம் முழுக்க மருத்துவர்களின் பேச்சை மாற்றிய ஸ்பிரிண்ட் என்ற அமெரிக்க ஆய்வில் இதெல்லாம் ஒழுங்காக நடந்தது. பல மையங்களில், அளக்கும்போது ஊழியர்கூட அறையில் இல்லை. கருவி தானாகவே மூன்று முறை அளந்து சராசரி சொன்னது.

கோவை மாவட்டத்துச் சோமனூரில் இந்த ஐந்து நிமிடம் சுலபத்தில் அமையாது. இரவும் பகலும் தறி ஓடுகிற ஊர். கிளினிக்கின் ஜன்னலைச் சாத்தினாலும் அடுத்த சந்தின் தறிச் சத்தம் உள்ளே வரும். பகல் ஷிப்டு முடித்தவரும் இரவு ஷிப்டுக்குப் போகிறவரும் ஒரே நேரத்தில் வந்து பெஞ்சில் நெருக்கி உட்காருகிறார்கள். வரும் வழியில் பேக்கரியில் டீ குடித்திருப்பார்கள். உள்ளே நர்ஸ் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றும்போதுதான், பாவு வராமல் தறி நின்ற கதையை டாக்டரிடம் சொல்லத் தொடங்குவார் நம்மாள். 152க்கு 94. டாக்டர் சீட்டில் இன்னொரு மாத்திரை எழுதுகிறார். அந்த மாத்திரைக்குப் பின்னால் 9,361 பேரை வைத்துச் செய்த ஸ்பிரிண்ட் ஆய்வு இருக்கிறது. அந்த 152க்குப் பின்னால் ஒரு டீயும் ஒரு சட்டைக் கையும் இருக்கின்றன.

ஆய்வைக் குறை சொல்வதற்கில்லை. ஐம்பது வயது தாண்டிய, இதய நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மேல் அழுத்தத்தை 140க்குக் கீழேயும், மற்றதற்கு 120க்குக் கீழேயும் கொண்டுவர முயன்றார்கள். 120 பிரிவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இதயத்தால் வரும் சாவு எல்லாம் சேர்த்து 25 சதவீதம் குறைந்தது. மருந்துக் கம்பெனி ரெப் நீட்டும் வழவழப்பான தாளில் பெரிய எழுத்தில் இருப்பது இந்த 25தான். அதே கணக்கை வேறு விதமாகவும் சொல்லலாம். வருடத்துக்கு நூற்றில் 2.19 பேருக்கு வந்த ஆபத்து 1.65 பேராகக் குறைந்தது. மூன்றேகால் வருடம் 61 பேருக்கு இப்படிக் கடுமையாக மருந்து கொடுத்தால் ஒருவர் தப்புகிறார். தப்பிய அந்த ஒருவருக்கு அது முழு உயிர், சந்தேகமில்லை. ஆனால் மற்ற அறுபது பேரும் மாத்திரையை விழுங்கத்தான் வேண்டும். அவர்களில் சிலருக்கு அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கும், தலை சுற்றும், சிறுநீரகம் சோர்வடையும். இவையும் 120 பிரிவில் கூடுதலாக இருந்தன என்று அந்த ஆய்வே சொல்கிறது. ஓடும் தறிக்கு முன்னால் எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ நிற்கிறவருக்குத் தலைசுற்றல் என்பது பக்க விளைவுப் பட்டியலின் கடைசி வரி ஆகாது.

இன்னொன்றும் உண்டு. சர்க்கரை நோயாளிகளையும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களையும் ஸ்பிரிண்டில் சேர்க்கவே இல்லை. நம் ஊர் கிளினிக் பெஞ்சில் ரத்தக் கொதிப்புக்காக உட்கார்ந்திருப்பவர்களில் சர்க்கரை இல்லாதவர்களைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது சோமனூர் ரகத்துக்கு ஒரு உயர்வு, இதர ரகங்களுக்கு ஒரு உயர்வு என்று பிரித்துப் பேசத் தெரிந்த ஊர் இது. ஒரு ரகத்துக்குப் போட்ட கூலியை இன்னொரு ரகத்தின் தலையில் கட்டினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மருத்துவ ஆய்வுக்கும் அந்த நியாயம் பொருந்தும். யாரை வைத்துச் செய்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்ற கேள்விக்குப் பிறகுதான் முடிவு என்ன என்பதைப் பார்க்க வேண்டும்.

120ஆ, 130ஆ, 140ஆ என்று மாநாடுகளில் வாதம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு ஒரு மாநிலக் கணக்கெடுப்பு எடுத்தார்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது நூற்றுக்கு 7.3 பேருக்கு. சர்க்கரையில் 10.8. அதாவது 140 என்ற பழைய, தாராளமான எல்லைக்குள்ளேயே நூற்றில் 92 பேருக்கு மேல் வரவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதற்கு இந்தக் கணக்கு முக்கியமான காரணம். எந்த மாத்திரை சிறந்தது என்ற கேள்விக்கும் சமீபத்தில் இந்திய நோயாளிகளை வைத்தே பதில் வந்துவிட்டது. டாப்ஸ்பின் என்ற ஆய்வில் 1,981 பேருக்கு மூன்று விதமான இரட்டை மருந்துக் கூட்டுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் அழுத்தத்தை இறக்கின. ஆகவே சோமனூர்க்காரருக்குப் பெரிய விஷயம், எழுதிய மாத்திரை அடுத்த மாதமும் வீட்டில் இருக்கிறதா என்பதுதான். 2025 மார்ச், ஏப்ரலில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் ஒரு மாதம் நின்றன. அப்படிப்பட்ட மாதத்தில் ஒரு வீட்டில் எதெதை நிறுத்துவார்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், வலி தெரியாத நோய்க்கான மாத்திரை மேலேதான் இருக்கும். எந்த ஆய்வின் விலக்குப் பட்டியலிலும் வேலைநிறுத்தம் என்று ஒரு காரணம் போட்டிருக்காது.

ஆய்வு என்றாலே வெள்ளைக்காரர்கள் வெள்ளைக்காரர்களை வைத்துச் செய்வது என்று நினைத்துவிட வேண்டாம். குடும்ப மருத்துவத்தின் போக்கையே மாற்றிய ஆய்வுகளில் ஒன்று சென்னைச் சேத்துப்பட்டில் நடந்தது. 1956ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து அங்கே ஒரு காசநோய் மையத்தைத் திறந்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் முன்னின்றார். அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம்தான். தாம்பரத்திலும் பெருந்துறையிலும் ஊர்ப்பகுதிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. படுக்கையோ கொஞ்சம், நோயாளியோ லட்சக்கணக்கில்.

அப்போது மருந்துகள் வந்துவிட்டன. மருந்து இருக்கும்போது படுக்கை எதற்கு என்று கேட்கத் துணிந்ததுதான் அந்த ஆய்வு. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், மறு பாதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டுக்குப் போனவர்கள் நெரிசலான அறைகளில் இருந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், முடிந்தபோதெல்லாம் வேலைக்கும் போனார்கள். வருட முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தச் சிறு வித்தியாசமும் மறைந்திருந்தது. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959ல் முடிவு வெளிவந்தது. அதன் பிறகு உலகம் முழுவதும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

அந்த ஆய்வு ஏழைகளை வைத்து, ஏழைகளுக்கான கேள்வியைக் கேட்டது. அதனால் அதன் பதில் பணக்கார நாடுகளுக்கும் பயன்பட்டது. எதிர்த்திசையில் இப்படி நடப்பது அபூர்வம்.

ஆனால் அந்த நல்ல ஆய்வையும் நாம் தேவைக்கு மேல் படித்துவிட்டோம் என்பதுதான் கதையின் பிற்பாதி. குறைவாகச் சாப்பிட்டவர்களும் குணமானார்கள் என்ற வரி, சாப்பாடு முக்கியமில்லை என்று காலப்போக்கில் மாறிப்போனது. அவர்கள் கேட்டது படுக்கையா வீடா என்பதை மட்டும். சாப்பாட்டைப் பற்றிய கேள்வியை நேராகக் கேட்க அறுபது வருடம் ஆயிற்று. மங்களூரு யெனெபோயா மருத்துவக் கல்லூரியின் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் ஜார்க்கண்டில் 2,800 காசநோயாளிகளின் குடும்பங்களைச் சேர்த்து ரேஷன்ஸ் என்ற ஆய்வை நடத்தினார்கள். 10,345 குடும்ப உறுப்பினர்களில் ஒரு பிரிவினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளுக்குச் சாவின் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 2023 ஆகஸ்டில் லான்செட் இதழ்களில் இது வந்தபோது உலகம் வியந்தது. எந்தக் கிராமத்துப் பாட்டியும் வியந்திருக்க மாட்டாள். பாட்டிக்குத் தெரிந்ததை எண்ணிக் காட்டுவதற்கு இத்தனை பேரும் இத்தனை வருடமும் வேண்டியிருந்தன. எண்ணிக் காட்டாதவரை அரசாங்கம் அரிசி கொடுக்காது என்பதால் அதுவும் வீண் இல்லை.

தமிழ்நாடு 2022ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டத்தில் இதற்கு நெருக்கமான ஒரு காரியம் நடக்கிறது. நோய் கண்டுபிடித்ததும் எடை, உயரம், காலில் வீக்கம், மூச்சின் வேகம், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். எல்லோருக்கும் படுக்கை வேண்டாம், சிலருக்கு வேண்டும். ஸ்கேன் எதுவும் தேவைப்படாத பரிசோதனை இது. எடை பார்க்கும் மெஷின் இல்லாத கிளினிக் சோமனூரில் இருக்காது. ஒவ்வொரு மாதமும் அதில் நோயாளியை ஏற்றி அந்த எண்ணைச் சீட்டில் குறிக்கிற பழக்கம்தான் எல்லா இடத்திலும் இல்லை.

கோவைக்கும் இப்படி ஒரு பெருமை உண்டு. மாரடைப்பு வந்தவரை ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ அறைக்குக் கொண்டுபோய் அடைப்பை நீக்க வேண்டும் என்பது மேல்நாட்டு விதி. நம் சாலைகளில் அது பெரும்பாலும் கனவு. கோவை மெடிக்கல் சென்டரின் இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர் உள்ளிட்டோர் சிறு ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து, முதலில் பக்கத்திலேயே கட்டியைக் கரைக்கும் ஊசி, பிறகு பெரிய இடத்துக்கு மாற்றம் என்று தமிழ்நாட்டில் 2,420 நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள் நூற்றுக்கு 17.6லிருந்து 14.2 ஆனார்கள். அடுத்த ஊர் வரைக்கும் போகக்கூடிய நேரத்தை வைத்து எழுதிய மருத்துவம் அது.

இனி நிறுத்துவதைப் பற்றி. புதிய மருந்தைத் தொடங்குவதற்கு ஓர் ஆய்வு போதும், பழையதை நிறுத்துவதற்குப் பத்து ஆய்வும் போதாது. 2018ல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களை வைத்துச் செய்த ஆஸ்ப்ரீ ஆய்வு, இதய நோயே வராதவர்கள் முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரின் சாப்பிடுவதால் பயன் இல்லை, ரத்தக்கசிவுதான் கூடுகிறது என்று காட்டியது. ஆனாலும் நம் பக்கத்துச் சீட்டுகளில் எதற்கும் இருக்கட்டும் என்று அது தொடர்கிறது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் கதை வேறு. அவர்களுக்கு அது உயிர்காப்பு மருந்து, இதைப் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது.

ஊசிக் கதை இதைவிடக் கடினம். 

"ஏனுங்க டாக்டர், ஒரு ஊசி போட்டு உட்டீங்கன்னா ராத்திரி ஷிப்டுக்குப் போயிருவனுங்க."

"ஊசி வேண்டாங்க, இது வைரஸ் சளி. இருமல் ரெண்டு மூணு வாரம் இருக்கும், அப்புறம் தானா போயிரும்."

"மூணு வாரமுங்களா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் மூன்று வார ஷிப்டுக் கூலி இருக்கிறது. சாதாரண நெஞ்சுச் சளி இருமல் சராசரியாக 18 நாள் நீடிக்கும் என்று 2013ல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்துச் சொன்னார்கள். மக்களிடம் கேட்டால் ஏழு முதல் ஒன்பது நாளில் நின்றுவிட வேண்டும் என்றார்கள். இது அமெரிக்கக் கணக்கு என்றாலும் சோமனூருக்கு அப்படியே பொருந்தும். ஐந்தாம் நாள் முதல் டாக்டர், ஓர் ஆன்டிபயாடிக். பத்தாம் நாள் இரண்டாவது டாக்டர், அதைவிடக் கனமான ஆன்டிபயாடிக். பதினாறாம் நாள் மூன்றாவது டாக்டரிடம் ஊசி. பதினெட்டாம் நாள் இருமல் நிற்கிறது. மூன்றாவது டாக்டர் கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் பேச்சு. ஊசி போடாமல் உண்மையைச் சொன்ன டாக்டரின் பெஞ்சு காலியாகிறது. சான்றுள்ள மருத்துவத்தைக் கடைப்பிடிக்கச் சொல்லும் எந்த வழிகாட்டி நூலிலும், அதைக் கடைப்பிடித்தவர் வாடகை கட்டுவது எப்படி என்ற அத்தியாயம் கிடையாது.

சர்க்கரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008ல் அக்கார்ட் என்ற ஆய்வில் சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்த பிரிவில் சாவு கூடியதால் அந்தப் பிரிவையே பாதியில் நிறுத்தினார்கள். இரவு ஷிப்டில் இரண்டு மணிக்கு ஒரு டீயும் ஒரு பன்னும் கிடைத்தால் சாப்பிடுகிறவருக்கு, காலை, இரவு சாப்பாட்டுக்கு முன் என்று மாத்திரை எழுதுவதற்கு முன்னால் அவருக்குக் காலை எது, இரவு எது என்று கேட்டாக வேண்டும்.

கடைசியாகப் பஞ்சுத் தூசி. இன்று சான்று சார்ந்த மருத்துவத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் ஆர்ச்சி காக்ரேன், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் தூசி படிந்த நுரையீரலை ஆராய்ந்தவர். அவர் பெயரில் உலகளாவிய அமைப்பு இருக்கிறது, வேலூர் சிஎம்சியிலும் அதன் மையம் செயல்பட்டது. அதே காலத்தில் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்களை ஆராய்ந்த ஷில்லிங் என்ற மருத்துவர், ஓர் எளிய கேள்வியைக் கண்டுபிடித்தார். வாரத்தின் முதல் வேலை நாளில் நெஞ்சு இறுக்குகிறதா? பிசினோசிஸ் என்ற பஞ்சு நோய் அப்படித்தான் தொடங்கும். லீவு நாளில் தெளிந்து, திங்கட்கிழமை திரும்பி வரும். நாளாக ஆக எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும்.

நூற்பாலையைவிடத் தறியில் தூசி குறைவு, ஆனாலும் இல்லாமல் இல்லை. தறிக்குடோனிலிருந்து வருகிறவரின் தலைமுடியைப் பார்த்தாலே தெரியும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி இந்த நோயைக் கண்டுபிடிக்கும் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டியிருந்தது. ஈஎஸ்ஐ சட்டத்திலும் அதற்கு இடம் இருந்தது. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் பத்துப் பேராவது வேலை பார்த்தால்தான் அந்தச் சட்டத்தில் பொதுவாக அது தொழிற்சாலையாக இருந்தது. ஆறு தறி, எட்டுத் தறி ஓடும் குடோனில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், அதில் பாதி வீட்டு ஆட்கள். நுரையீரலுக்குத் தொழிற்சாலைக்கும் குடோனுக்கும் வித்தியாசம் தெரியாது, சட்டத்துக்குத் தெரியும். அதனால் இந்தப் பஞ்சு நோய் ஆஸ்துமா, வீசிங், பீடி இருமல் என்ற பெயர்களில் சீட்டில் ஏறுகிறது. லீவு முடிந்து தறிக்குப் போன முதல் நாள் நெஞ்சு எப்படி இருந்தது என்று கேட்க அரை நிமிடம்கூட ஆகாது. 2025ல் ஒரு மாதம் நின்ற தறிகள் மறுபடி ஓடத் தொடங்கிய வாரம் அந்தக் கேள்வியைக் கேட்டு எழுதி வைத்திருந்தால், அதுவே ஓர் ஆய்வு. அதற்குப் பல்கலைக்கழகம் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

வேலூர் சிஎம்சி 2006லிருந்து தொலைநிலைக் கல்வி மூலம் பொது மருத்துவர்களுக்குக் குடும்ப மருத்துவம் கற்பித்து வருகிறது. அப்படிப் படித்தவர்கள் சிறு ஊர்களில் இருக்கிறார்கள், புதிய ஆய்வுகளையும் படிக்கிறார்கள். அவர்களுக்குக் குறைவது நம்மிடமிருந்து வரவேண்டிய தகவல். அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: என்ன தொழில், எந்த ஷிப்டு, எத்தனை மணிக்குச் சாப்பாடு, போன மாதம் எத்தனை நாள் மாத்திரை போடவில்லை. பழைய சீட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். பட்டை சுற்றுவதற்கு முன் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள்.